48,000 ரூபாய் சாஃப்ட்வேர் வாங்கும் முன், உங்கள் ரிப்போர்ட்டை ஒரு முறை பாருங்கள்

திருமங்கலம் பக்கத்திலிருந்து 37 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறார். விடியற்காலை மூன்றரைக்குப் போனால் ஒன்பது மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிடும். அதன் பிறகு செல்போனில் நிஃப்டி ஆப்ஷன்: ஐம்பது பெரிய பங்குகளின் குறியீடான நிஃப்டி ஏறுமா இறங்குமா என்று பிரீமியம் கட்டி வாங்கி விற்கும் ஒப்பந்தம். இரண்டு வருடத்தில் 1,40,000 ரூபாய் போய்விட்டது.

குருட்டாம்போக்கில் வாங்கி விற்றதுதான் நட்டத்துக்குக் காரணம் என்று முடிவு செய்து, காளவாசல் பக்கம் ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்த ஒரு நாள் வகுப்புக்குப் போயிருக்கிறார். பேக்டெஸ்ட் என்ற வார்த்தையை அங்கேதான் முதலில் கேட்டாராம். வாங்கும் விதி, விற்கும் விதி இரண்டையும் கறாராக எழுதி, அவற்றைப் பழைய விலைகள் மேல் ஓட்டி, என்ன கிடைத்திருக்கும் என்று பார்ப்பதுதான் பேக்டெஸ்ட். வகுப்பு நடத்தியவர்கள், பேக்டெஸ்ட் சாஃப்ட்வேரும் அதோடு 'ரெடிமேட் ஸ்ட்ராடஜி' (தயாராக எழுதி வைத்த விதிகள்) ஒன்றும் சேர்த்து 48,000 ரூபாய், ஆயுள் முழுக்க வேலை செய்யும், 87 சதவீதம் வெற்றி, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் அங்கீகாரம் உண்டு என்றெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். இவர் 5,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டார்.

இதற்கிடையே டிரேடிங்வியூ என்ற சார்ட் தளத்தில் தானே ஒரு ஸ்ட்ராடஜியை ஓட்டிப் பார்த்து அந்த ரிப்போர்ட்டையும் இணைத்திருக்கிறார். அவருடைய கேள்விகள் இவை: அந்த பேக்கேஜை வாங்கலாமா, அல்லது அமிபுரோக்கர் என்ற மென்பொருளா, டிரேடிங்வியூவே போதுமா, பைத்தான் என்ற கணினி மொழி படிக்க வேண்டுமா? ரிப்போர்ட் நன்றாக இருப்பதால் 3 லட்சத்துக்கு நகைக் கடன் வாங்கி, அரசுப் பள்ளி ஆசிரியையான மனைவியின் பெயரில் கணக்குத் தொடங்கிச் செய்யலாமா?

ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைப் போடலாம் என்று நினைத்தீர்களே, அது சரி. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பணத்தைப் போட்டுவிட்டுத்தான் ஓட்டிப் பார்க்கிறார்கள். ஆனால் எந்த சாஃப்ட்வேர் என்பதற்குப் பிறகு வருகிறேன். நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டைப் பேனாவோடு உட்கார்ந்து பார்த்தேன். முதலில் அதைப் பேசிவிடுவோம்.

அந்த 61,125 ரூபாய்

நிஃப்டி ஐந்து நிமிட சார்ட்டில், விலையின் போக்கு மாறுவதைக் காட்டும் சூப்பர்டிரெண்ட் என்ற கோட்டை வைத்து 212 டிரேடு. 71 சதவீதம் லாபத்தில் முடிந்திருக்கிறது. மொத்தம் 1,630 பாயிண்ட். அட் தி மணி ஆப்ஷன் (நிஃப்டியின் அப்போதைய விலையை ஒட்டிய ஆப்ஷன்) நிஃப்டியில் பாதிதான் நகரும் என்று அதைப் பாதியாக்கி, 815 பாயிண்ட்டை 75 என்ற அப்போதைய லாட்டால் (குறைந்தது வாங்க வேண்டிய எண்ணிக்கை) பெருக்கி 61,125 ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்கள். பாதியாகக் குறைத்துப் பார்த்த அந்தக் கணக்குப்பிள்ளை எச்சரிக்கை எனக்குப் பிடித்திருந்தது.

இதை 212-ஆல் வகுங்கள். ஒரு டிரேடுக்கு 288 ரூபாய். இப்போது செலவைப் போடுவோம். பிரீமியம் 120 ரூபாய் என்றால் ஒரு லாட் 9,000 ரூபாய். வாங்க 20, விற்க 20 என்று புரோக்கரேஜ், அதன் மேல் ஜிஎஸ்டி, விற்கும்போது எஸ்டிடி என்ற பரிவர்த்தனை வரி, எக்ஸ்சேஞ்ச் கட்டணம், முத்திரை வரி எல்லாம் சேர்த்து 65 ரூபாய்க்குக் குறையாது. உங்கள் ரிப்போர்ட்டில் கமிஷன் என்ற கட்டத்தில் பூஜ்யம் இருக்கிறது. நாம் எதுவும் போடாவிட்டால் அது பூஜ்யமாகத்தான் இருக்கும்.

அடுத்தது ஸ்லிப்பேஜ். இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கடையில் மல்லி கிலோ என்ன விலை என்று போனில் கேட்பவருக்கு ஒரு விலை சொல்வீர்கள். அவர் வண்டியோடு வந்து ஐம்பது கிலோ வேண்டும் என்று நிற்கும்போது விலை வேறு. திரையில் தெரியும் பிரீமியத்துக்கும் உங்கள் கைக்கு வரும் விலைக்கும் உள்ள அந்த வித்தியாசத்தை வாங்கும்போது ஒரு ரூபாய், விற்கும்போது ஒரு ரூபாய் என்று மட்டும் வையுங்கள். 75 கொண்ட ஒரு லாட்டுக்கு 150 ரூபாய். ஆக ஒரு டிரேடுக்கு 215. மொத்தம் 212 டிரேடுக்கு 45,580. உங்கள் 61,125-ல் மிச்சம் 15,545 ரூபாய்.

அதுவும் கையில் நிற்காது. நீங்கள் ஓட்டியது நிஃப்டி சார்ட்டில்; வாங்கப்போவது ஆப்ஷனை. நிஃப்டி ஒரே இடத்தில் நின்றாலும் ஆப்ஷன் பிரீமியம் நேரம் போகப் போகக் கரையும். எக்ஸ்பைரி, அதாவது ஒப்பந்தம் முடியும் நாள், நெருங்க நெருங்க இன்னும் வேகமாகக் கரையும். மத்தியானத்துக்கு மேல் வாடுகிற பூ மாதிரி. இண்டெக்ஸ் சார்ட்டில் செய்த எந்தச் சோதனையிலும் அந்த வாட்டம் தெரியாது.

கேண்டில் எந்த வகை?

இதைவிடப் பெரிய ஒன்று இருக்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தில் கேண்டில்கள் (ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக விலையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கட்டங்கள்) வழவழவென்று, பச்சை என்றால் தொடர்ந்து பச்சையாக, சிவப்பு என்றால் தொடர்ந்து சிவப்பாக இருந்தன. மேலே பார்த்தால் ஹெய்கின் ஆஷி என்று இருக்கிறது. பார்க்க அழகான சார்ட்தான். ஆனால் அதில் இருப்பது சந்தையில் நடந்த விலை அல்ல, சராசரி.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். ஐந்து நிமிடத்தில் நிஃப்டி 24,500-ல் தொடங்கி, 24,560 வரை ஏறி, 24,490 வரை இறங்கி, 24,550-ல் முடிகிறது. ஹெய்கின் ஆஷி இந்த நான்கையும் கூட்டி நான்கால் வகுத்து, முடிவு விலை 24,525 என்று காட்டும். அதே கேண்டிலின் தொடக்கம் ஹெய்கின் ஆஷி கணக்கில் 24,505 என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கேண்டிலின் தொடக்கம் இந்த இரண்டின் சராசரி, அதாவது 24,515. உங்கள் ஸ்ட்ராடஜி 'வாங்கு' என்று சொன்னதும் ரிப்போர்ட் உங்களுக்கு 24,515-ல் வாங்கிக் கொடுத்துவிடுகிறது. நிஜத்தில் அந்த நேரத்தில் நிஃப்டி 24,550 பக்கம் நிற்கிறது. 35 பாயிண்ட் சும்மா கிடைத்த லாபம்! உங்கள் ரிப்போர்ட்டின் சராசரி லாபமோ ஒரு டிரேடுக்கு எட்டு பாயிண்ட் கூட இல்லை.

எல்லா டிரேடிலும் 35 வராது. சிலதில் ஐந்து, சிலதில் அறுபது. ஆனால் ஏறும்போது குறைந்த விலையில் வாங்கியதாகவும், இறங்கும்போது கூடுதல் விலையில் விற்றதாகவும்தான் பெரும்பாலும் காட்டும். தவறு எப்போதும் நமக்குச் சாதகமாகவே இருப்பதுதான் இதில் ஆபத்து. அந்த 71 சதவீதமும் இந்தக் கற்பனை விலைகளை வைத்து வந்ததுதான். டிரேடிங்வியூவே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. ஸ்ட்ராடஜியின் அமைப்புகளில் சாதாரண கேண்டில் விலையில் ஆர்டரை நிறைவேற்றச் சொல்லும் ஒரு டிக் பெட்டி உண்டு. அதைப் போடுங்கள், அல்லது சாதாரண கேண்டிலுக்கே மாறி மறுபடி ஓட்டுங்கள். செலவில்லாத வேலை, இரண்டு நிமிடம் ஆகும். 48,000 ரூபாய்க்கு எந்த சாஃப்ட்வேர் வாங்கினாலும் இந்தத் தவறை அதுவாகத் திருத்தித் தராது.

11, 2.7 எங்கிருந்து வந்தது?

சூப்பர்டிரெண்டுக்கு வழக்கமாகப் போடும் இரண்டு எண்கள் 10, 3. நீங்கள் 'நாற்பது விதமாக மாற்றிப் பார்த்ததில் 11, 2.7-தான் சூப்பராக வந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். நாற்பது பேரை நாணயம் சுண்டச் சொன்னால் யாராவது ஒருவருக்குத் தொடர்ந்து ஐந்து தலை விழ நல்ல வாய்ப்பு உண்டு. அவரைக் கெட்டிக்காரர் என்று கூப்பிட்டுப் பரிசு கொடுக்க மாட்டோம் இல்லையா?

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. 10, 2.5 போடுங்கள். 12, 3 போடுங்கள். அக்கம்பக்கத்து எண்களிலும் லாபம் ஓரளவு நின்றால் விஷயம் இருக்கலாம். 11, 2.7-ல் மட்டும் லாபம், கொஞ்சம் தள்ளினால் நட்டம் என்றால் அது தற்செயல். இன்னொன்று, எண்களைத் தேர்ந்தெடுக்க ஒரு காலகட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள். முடிவாகச் சோதிக்க நீங்கள் தொடவே தொடாத வேறு காலகட்டத்தை ஒதுக்குங்கள். அதில் ஒரே ஒரு முறைதான் ஓட்ட வேண்டும். பிடிக்கவில்லை என்று எண்ணை மாற்றி மறுபடி ஓட்டினால் அதுவும் பழைய கதைதான்.

காலமும் போதாது. நிஃப்டிக்கு ஒரு நாளில் ஐந்து நிமிடக் கேண்டில்கள் 75. உங்கள் சந்தாவில் 10,000 கேண்டில்தான் கிடைக்கிறது என்றால் 133 வியாபார நாள், கிட்டத்தட்ட ஆறரை மாதம். தை, மாசி முகூர்த்த மாத விலையை மட்டும் பார்த்துவிட்டு வருஷக் கணக்கு போடுகிறவரை உங்கள் முதலாளி கடைக்குள் விடுவாரா? 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் சுமார் 13 சதவீதம் விழுந்தது. நடுவில் 45 நிமிடம் வியாபாரமே நின்றது. 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு நாளில் கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்தது. அந்த நாள்களில் உங்கள் விதி என்ன செய்திருக்கும் என்று தெரியாமல் நகையை அடகு வைக்காதீர்கள்.

சரி, எந்த சாஃப்ட்வேர்?

ஆப்ஷன்தான் செய்வேன் என்றால் ஆப்ஷன் விலை உள்ள இடத்தில்தான் சோதிக்க வேண்டும். முடிந்துபோன எக்ஸ்பைரிகளின் நிமிட விலைகளை டிரேடிங்வியூ போன்ற சார்ட் தளங்களில் எதிர்பார்க்க முடியாது. ஸ்டாக்மாக், அல்கோடெஸ்ட் மாதிரியான இந்தியத் தளங்கள் அதற்காகவே வந்தவை. கோடு எழுதத் தேவையில்லை. சந்தா ஒரு மாதத்துக்கு மட்டும் எடுங்கள். கேட்க வேண்டியது இவ்வளவுதான்: செலவும் ஸ்லிப்பேஜும் போட இடம் இருக்கிறதா, வியாபாரமே நடக்காத நிமிடத்துக்கு என்ன விலை வைக்கிறார்கள், ஒவ்வொரு டிரேடையும் தனித்தனியாக எக்ஸலில் இறக்க முடிகிறதா. கடைசியாகச் சொன்னது இல்லாவிட்டால் வேண்டாம். மொத்தத் தொகையை மட்டும் காட்டுகிற கணக்கை நீங்கள் கடையில் ஏற்பீர்களா?

அமிபுரோக்கர் நல்ல, வேகமான, பழைய விண்டோஸ் மென்பொருள். பல வருடம் நான் பயன்படுத்தியிருக்கிறேன். நூற்றுக்கணக்கான பங்குகளில் ஒரே விதியைச் சேர்த்துச் சோதிக்க, காலத்தைத் துண்டு துண்டாக வெட்டி முன்னோக்கி நகர்த்திப் பார்க்க அதில் வசதி உண்டு. ஆனால் டேட்டா தனியாக வாங்க வேண்டும், அதற்கென்று உள்ள மொழியில் எழுதவும் வேண்டும். இரண்டு செலவையும் கூட்டிப் பாருங்கள். அப்புறம், 'கிராக்' வெர்ஷன் பென்டிரைவில் சுற்றுகிறது. புரோக்கர் பாஸ்வேர்டு இருக்கிற கணினியில் அதைப் போடுவதும் வீட்டுச் சாவியைத் திண்ணையில் வைப்பதும் ஒன்று.

பைத்தான் இலவசம், பேக்டிரேடர், வெக்டர்பிடி போன்ற நூலகங்களும் இலவசம். டேட்டா இலவசமில்லை, உங்கள் நேரமும் இலவசமில்லை. இப்போது பலரும் ஏஐ-யிடம் கேட்டு கோடு வாங்கி ஓட்டுகிறார்கள். ஓடுவது வேறு, சரியாக ஓடுவது வேறு. கேண்டில் முடிந்த பிறகே தெரியும் சிக்னலை வைத்து, அதே கேண்டிலின் தொடக்க விலையில் வாங்கியதாகக் கணக்கு போடும் கோடுகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். நாளைய பேப்பரை இன்று படித்துவிட்டு லாட்டரி வாங்குவது போல. லாபக் கோடு மலை மாதிரி ஏறும்.

பங்குகளில் சோதிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. என் முதல் பேக்டெஸ்ட்டில் அன்றைய நிஃப்டி 50 பட்டியலை எடுத்துப் பத்து வருடம் பின்னோக்கி ஓட்டினேன். அபாரமான லாபம். ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. பிறகுதான் உறைத்தது: பட்டியலில் இருப்பவை எல்லாம் பிழைத்து வந்தவை. 2009-ல் நீக்கப்பட்ட சத்யம் அதில் இல்லை. இன்றைய பட்டியலை எடுத்தால் 2020-ல் நீக்கப்பட்ட யெஸ் பேங்க் இருக்காது. அந்தந்த வருடத்தில் யார் பட்டியலில் இருந்தார்களோ அவர்களை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

உங்களுக்கு என் பரிந்துரை எக்ஸல். சிரிக்க வேண்டாம். தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இ தினமும் வெளியிடும் பாவ்காப்பி என்ற விலைப்பட்டியல் இலவசம். முடிந்துபோன ஆப்ஷன் ஒப்பந்தங்களின் அன்றாடத் தொடக்க, முடிவு விலைகளும் அதில் இருக்கும். ஐந்து நிமிட விதியை விட்டுவிட்டு, நாளுக்கு ஒரு முடிவு எடுக்கிற விதியாக மாற்றி நூறு டிரேடைக் கையால் போடுங்கள். நாள், வாங்கிய விலை, விற்ற விலை, செலவு, மிச்சம், ஏன் வாங்கினேன் என்று ஆறு பத்தி போதும். பேரேடு எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல கருவி இல்லை. நூறாவது வரிக்கு வருவதற்குள் உங்கள் விதியில் எங்கே ஓட்டை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அந்த பேக்கேஜும் 'செபி அங்கீகாரமும்'

பேக்டெஸ்ட் சாஃப்ட்வேருக்கு செபி அங்கீகாரம் என்று ஒன்று கிடையாது. ஆலோசனை சொல்லும் நபரையும் நிறுவனத்தையும்தான் செபி பதிவு செய்கிறது. முதலீட்டு ஆலோசகரின் பதிவெண் ஐஎன்ஏ என்று தொடங்கும், ஆய்வாளருடையது ஐஎன்எச் என்று தொடங்கும். என்னுடையதும் ஐஎன்ஏ-தான். எண்ணைக் கேட்டு வாங்கி செபி இணையதளத்தில் தேடுங்கள். பெயரும் முகவரியும் ஒத்துப்போக வேண்டும். தானாக ஆர்டர் போடும் அல்கோ என்றால் கதை வேறு. அதற்கு 2025 பிப்ரவரியில் செபி தனி விதிமுறை வெளியிட்டது. அது உங்கள் புரோக்கர் வழியாக, எக்ஸ்சேஞ்சில் பதிவாகித்தான் வர வேண்டும். அல்கோவின் பழைய லாபத்தையோ வரப்போகும் லாபத்தையோ காட்டி விளம்பரம் செய்யும் தளங்களோடு புரோக்கர்கள் தொடர்பு வைக்கக் கூடாது என்று 2022 செப்டம்பரிலேயே சொல்லியாகிவிட்டது. ஆக, '87 சதவீதம்' என்று நோட்டீஸ் அடித்திருப்பதே ஒரு எச்சரிக்கைதான்.

அவர்கள் வாட்ஸாப்பில் அனுப்பிய தாளையும் பார்த்தேன். 2019 முதல் 2023 வரை பேங்க் நிஃப்டி வார ஆப்ஷனில் வந்த லாபம் என்று போட்டிருக்கிறது. பேங்க் நிஃப்டி வார ஆப்ஷன் 2024 நவம்பரோடு நிறுத்தப்பட்டுவிட்டது. இன்று வாங்கவே முடியாத ஒரு சரக்கின் பழைய விலைப்பட்டியலுக்கு 48,000 ரூபாய் கேட்கிறார்கள்! நிஃப்டியிலும் மாற்றங்கள் உண்டு: 2024 நவம்பரில் லாட் 25-லிருந்து 75 ஆனது, 2025 செப்டம்பரில் வார எக்ஸ்பைரி வியாழனிலிருந்து செவ்வாய்க்கு மாறியது. யாருடைய ரிப்போர்ட்டாக இருந்தாலும் இந்தத் தேதிகளைத் தாண்டி ஓடுகிறதா என்று பாருங்கள்.

முன்பணம் 5,000 திரும்பி வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். போனில் பேச வேண்டாம். 'பதிவெண் தராததால் வாங்கும் எண்ணமில்லை, பணத்தைத் திருப்பித் தாருங்கள்' என்று தேதியோடு எழுத்தில் அனுப்புங்கள். நோட்டீஸ், பணம் கட்டிய ரசீது எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பதிவு பெற்றவராக இருந்தால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் கொடுக்கலாம். பதிவே இல்லாதவர் என்றால் அங்கே புகார் தீர்வு கிடைக்காது, காவல்துறைதான். அந்த 5,000 வராமலே போகலாம். அதற்காக மீதி 43,000-ஐக் கட்டிவிடாதீர்கள்.

டீச்சர் கணக்கு, நகைக் கடன்

மனைவி பெயரில் கணக்கு என்ற யோசனையை இன்றோடு விடுங்கள். தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973, அரசு ஊழியர் பங்குச் சந்தையில் ஊக வணிகம் செய்வதைத் தடை செய்கிறது. மியூச்சுவல் ஃபண்டில் நீண்ட காலத்துக்குச் சேமிப்பது வேறு. தினமும் ஆப்ஷன் வாங்கி விற்பது வேறு. பட்டனைத் தட்டுவது நீங்கள் என்றாலும் பதிவாவது அவர் பெயர், அவர் பான் எண். வருமான வரியிலும் அது வியாபார வருமானமாகத்தான் பார்க்கப்படும். இதுவரை சம்பளத்துக்கு மட்டும் போட்ட எளிய படிவம் செல்லாது. 71 சதவீத ரிப்போர்ட்டுக்காக ஒருவருடைய வேலைக்கு விளக்கக் கடிதம் வரவழைக்க வேண்டுமா?

கடனுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். 3 லட்சத்துக்கு மாதம் 3,000, வருடம் 36,000. மேலே மிஞ்சிய 15,545-ஐ ஒரு வருடத்துக்கு நீட்டினாலும் சுமார் 29,000-தான். அது ஒரு லாட் கணக்கு. லாட்டைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆனால் அந்த 15,545-ல் ஹெய்கின் ஆஷி கொடுத்த கற்பனை லாபம் இன்னும் கழிக்கப்படவில்லை. அதைக் கழித்தால் கூட்டப்போவது நட்டத்தைத்தான். செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், 2021-22 முதல் 2023-24 வரை எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர், ஆப்ஷன் வியாபாரம்) செய்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டம். சராசரியாக ஆளுக்குச் சுமார் 2 லட்சம். உங்கள் 1,40,000 அந்தக் கூட்டத்தில் ஒன்றுதான். உங்களிடம் தனியாக ஏதோ குறை இருப்பதாக நினைத்து மனம் தளர வேண்டாம்.

'நட்டம்தானே, எதற்குக் கணக்கு காட்ட வேண்டும்' என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். காட்டத்தான் வேண்டும் தம்பி. எஃப் அண்ட் ஓ நட்டம் வியாபார நட்டம். கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டால் எட்டு வருடம் வரை எடுத்துச் செல்லலாம். போன வருடத்துக் கெடு போயிருந்தால் போகட்டும், இந்த வருடத்துக்கு ஆடிட்டரைப் பாருங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். சாதாரண கேண்டிலுக்கு மாற்றுங்கள். கமிஷன், ஸ்லிப்பேஜ் கட்டங்களை நிரப்புங்கள். 11, 2.7-ஐ அழித்துவிட்டு 10, 3 போடுங்கள். ஓட்டுங்கள். என்ன எண் வந்தாலும், மைனஸ் என்றாலும், அதை எனக்கு எழுதி அனுப்புங்கள்.